ஒவ்வொரு ஃபோல்டரிலும் முதல் படம்

பிப்ரவரி 6, வியாழன்

இந்த டைரி அவருடையது. கலர் லேப்காரர்கள் வருடா வருடம் கொடுப்பது. ஜனவரி முழுக்க மண்டபத்தின் பெயரும் முகூர்த்த நேரமும் அவர் கையெழுத்தில் இருக்கிறது. பிப்ரவரி மூன்றாம் தேதிப் பக்கத்தில் ‘மேலகரம், காதுகுத்து, 9.30’ என்று எழுதியிருக்கிறார். அன்று காலை எட்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை. அந்தக் காதுகுத்தை வேறு யாராவது போய் எடுத்திருப்பார்கள்.

எனக்கு டைரி எழுதும் பழக்கம் இல்லை. கம்ப்யூட்டர் வேலைக்குக் குறிப்பெடுக்க ஒரு தாள் வேண்டியிருந்தது, கைக்கு இதுதான் கிடைத்தது.

என்ன வேலை என்றால், அவருக்கு ஒரு போட்டோ வேண்டும். பதினெட்டாம் தேதி பதினாறாம் நாள் காரியம். அன்று சாயங்காலம் போட்டோகிராபர்கள் சங்கத்தில் படத்திறப்பு. செயலாளர் ஜெபராஜ் போனில் சொன்னார்: “அக்கா, குற்றாலிங்கம் அண்ணன் படம் நல்லதா ஒண்ணு குடுங்க. நாலுக்கு மூணு அடியில பிரேம் போடுதோம்.” நல்லதாக ஒன்று! முப்பது வருடம் ஊரையே படம் எடுத்த மனுஷனுக்குச் சொந்தமாக ஒரு படம் கிடையாது. தெருமுனையில் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறார்.

ஃபோனில் இல்லையா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இருக்கிறது. ஒன்றில் ஹெல்மெட். ஒன்றில் கையை நீட்டி மறைக்கிறார். மகள் செண்பகா எடுத்த ஒன்றில் அவருக்கு நாய்க்காது முளைத்திருக்கிறது. எங்கள் கல்யாண ஆல்பத்தில் இருப்பவருக்கு இருபத்தேழு வயது. அவரை இன்றைக்கு யாருக்கும் அடையாளம் தெரியாது.

கீழே ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் எங்காவது ஒன்று இருக்கும். இருக்க வேண்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

கம்ப்யூட்டர் திறக்கவில்லை. வழக்கமாக வரும் படத்திரை வராமல், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடி, கடைசியில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது. மவுஸை அசைத்தால் ஒன்றும் நடக்கவில்லை.

பத்து வருடத்துக்கு முன்னால் வைரஸ் வந்து ஒரு சீசன் கல்யாணம் முழுக்கப் போனதிலிருந்து அவர் லினக்ஸ் தவிர எதையும் தொடமாட்டார். கறுப்புத் திரையில் அவர்பாட்டுக்குத் தட்டுவார். எனக்கு மவுஸ் வேலைதான் தெரியும். ஆல்பம் அடுக்குவேன், ஃபோல்டர் போடுவேன். கறுப்புத் திரையை அவர் எனக்குச் சொல்லித் தந்ததில்லை, நானும் கேட்டதில்லை.

தகனம் முடிந்து பெங்களூருக்குத் திரும்பிவிட்ட செண்பகாவுக்குப் போன் போட்டேன். காரியத்துக்கு வர அடுத்த வாரம் சனிக்கிழமை ஆகும் என்றாள். “எம்மா, உன் ஃபோன்ல ஏஐ போட்டுத் தந்தேன்லா? அதுகிட்ட சாதாரணமா பேசுத மாதிரி கேளு. அது கமாண்டா மாத்தித் தரும். நீ அப்படியே டைப் பண்ணு.”

அப்படியே டைப் பண்ண வேண்டுமாம். அவ்வளவு லேசு.

பிப்ரவரி 8, சனி

கேட்டேன். ‘கம்ப்யூட்டர் திறக்கவில்லை, என் வீட்டுக்காரர் போட்டோ எடுக்க வேண்டும்’ என்று எழுதினேன். உங்கள் இழப்புக்கு ஆழ்ந்த வருத்தங்கள் என்று ஆரம்பித்தது. அவர் இறந்துபோனதை நான் அதனிடம் சொல்லவே இல்லை. திரையில் மேலே தள்ளிப் பார்த்தால் செண்பகா ஏற்கெனவே அதனிடம் எழுதி வைத்திருக்கிறாள்.

எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று முதலில் பார்க்கலாம் என்றது. ஃபோனில் பார்த்து, இந்த டைரியில் எழுதி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். அப்படி ஒரு கமாண்டு இல்லை என்றது கம்ப்யூட்டர். ஃபோனிடம் சொன்னேன். இரண்டாவது எழுத்துக்கு அப்புறம் ஒரு இடம் விட வேண்டும், விட்டீர்களா என்று கேட்டது. விடவில்லை. விட்டேன். இப்போது கோட்டைப் போட்டு அதற்கப்புறமும் இடம் விட்டுவிட்டேன். அதற்கும் ஒரு விளக்கம், அதுவும் ‘கவலைப்பட வேண்டாம், இது இயல்பான தவறுதான்’ என்ற முன்னுரையோடு. ஒரு ஒற்றை இடத்துக்கு இரண்டு மணி நேரம்.

கடைசியில் பதில் வந்தது. நூற்றுக்கு நூறு நிரம்பிவிட்டது. டிஸ்க்கில் கடுகு போட இடமில்லை, அதனால்தான் படத்திரை வரவில்லையாம். எதையாவது அழித்தால் வரும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

துக்கம் கேட்க வந்த கூட்டம். காபி போட்டுக் கை ஓய்ந்தது. கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் கீழே இறங்கும்போது கொழுந்தன் பேச்சிமுத்து வாசலில் வழிமறித்தார். “மதினி, பதினாறு முடியுததுக்குள்ள கடையைத் திறந்தா ஊரு என்ன பேசும்?”

“கடையைத் திறக்கல. கம்ப்யூட்டரைத் திறக்கேன். உங்க அண்ணன் படத்துக்குத்தான்.”

“அதை என்கிட்ட விடுங்க. நான் ஏற்பாடு பண்ணுதேன்.”

ஆதார் படத்தைப் பேனருக்குக் கொடுத்தவரே இவர்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன்.

எதை அழிப்பது? யாருடைய கல்யாணத்தை அழிப்பது? பத்து வருடம் கழித்து வந்து, ‘எங்க அப்பா செத்துட்டாவ, என் கல்யாணத்துல அவுக நின்ன படம் இருக்குமா’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வைரஸ் சீசனைத் தவிர, அவர் ஒருமுறைகூட இல்லை என்று சொன்னதில்லை. அதற்காகவே எதையும் அழிக்கமாட்டார்.

அப்போதுதான் சாமி படம் நினைவுக்கு வந்தது. எங்கள் ஸ்டூடியோவில் ஒரு வழக்கம். எந்த வேலைக்குக் கிளம்பினாலும் கேமராவில் புதுக் கார்டைப் போட்டு, முதல் க்ளிக் சுவரில் இருக்கும் பிள்ளையார் படத்துக்குத்தான். கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம், மேலே ஒரு சின்ன பல்பு. ஸ்டூடியோ ஆரம்பித்த ஃபிலிம் காலத்திலிருந்து அப்படித்தான். அதனால் ஒவ்வொரு ஃபோல்டரிலும் முதல் படம், 0001, அதே பிள்ளையார். கஸ்டமருக்குக் கொடுக்கும்போது அதை எடுத்துவிடுவார், கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும். ஒரே பிள்ளையாரை எத்தனை தடவை வைத்துக்கொள்வது? ஒவ்வொன்றும் முப்பது எம்பி.

எழுதினேன்: ‘எல்லா ஃபோல்டரிலும் 0001 என்று முடிகிற படத்தை அழிக்க வேண்டும்.’

உடனே தந்துவிடும் என்று பார்த்தால் அதற்கு ஆயிரம் யோசனை. முதலில் பட்டியல் மட்டும் எடுத்துப் பார்க்கலாமா என்றது. எடுத்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. ஐம்பது ஜிபிக்கு மேல். சரிதானே, அழி என்றேன். இப்படி அழித்தால் குப்பைத்தொட்டிக்குப் போகாது, நேரடியாகப் போய்விடும், ஒரு வெளி ஹார்டு டிஸ்க் இருந்தால் நகல் எடுத்துவிட்டு அழிக்கலாமே என்றது. ஹார்டு டிஸ்க் அவர் பையில் எங்கே இருக்கிறதோ. அந்தப் பையை நான் இன்னும் திறக்கவில்லை. வேண்டாம் என்றேன். ஒன்றிரண்டு படங்களையாவது திறந்து பார்த்து உறுதி செய்தீர்களா என்றது.

‘அது பிள்ளையார். முப்பது வருடமாகப் பார்க்கிறேன்’ என்று எழுதினேன். கறுப்புத் திரையில் படம் எப்படித் திறக்கும்? திறக்கத்தானே இந்தப் பாடு? அவரும் இப்படித்தான், ஒன்றைக் கேட்டால் ஒன்பது கேள்வி. நாளைக்குத்தான் அழிப்பது என்று மேலே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அழித்தாயிற்று.

ஆர்எம் என்று இரண்டு எழுத்து, அதுதான் அழிக்கிற கமாண்டு. முன்னாலும் பின்னாலும் நிறைய வால். படத்தின் பெயர் வருகிற இடத்தில் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போடச் சொல்லியிருந்தது. விசைப்பலகையில் அந்தக் குறி ஒருமுறை வருகிறது, ஒருமுறை வரவில்லை. குறி இல்லாமலே தட்டினேன். கமாண்டு ஓடியது. நடுவில் இருபது இருபத்திரண்டு வரி ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று வந்தது. மற்றதெல்லாம் போயிற்று.

ஃபோனிடம் சொன்னதும் கண்டுபிடித்துவிட்டது. மேற்கோள் குறி விட்டுப்போனதால், பெயரில் இடம் விட்டிருக்கும் ஃபோல்டர்கள் மட்டும் அழியாமல் நின்றிருக்கும், மீதியையும் முடிக்கலாமா என்றது. போதும் சாமி, இடம் கிடைத்துவிட்டது என்றேன்.

பெயரில் இடம் விட்ட ஃபோல்டர்கள் நான் போட்டவை. அவர் எழுத்துக்கு எழுத்து ஒட்டி, நடுவில் ஒரு கோடு போடுவார். நான் மனுஷி எழுதுகிற மாதிரி இடம் விட்டு எழுதுவேன். அதற்கு எத்தனை சண்டை.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். படத்திரை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், இந்த ஒன்பது நாளில் இன்றைக்குத்தான் சிரித்தேன்.

பிப்ரவரி 12, புதன்

காலையிலிருந்து சாயங்காலம் வரை தேடினேன். மாப்பிள்ளை, பெண், பெண்ணின் அத்தை, பந்தியில் அப்பளம் கடிக்கிற கிழவர், தாம்பாளத்தில் தலையை விட்ட பூனை. ஊரே இருக்கிறது. அவர் இல்லை. இருபது முப்பது மண்டபக் கூட்டப் படங்களில் ஓரமாக ஒரு முழங்கை, நீலச் சட்டை. அது அவர் முழங்கைதான். முழங்கையையா மாட்டுவது?

பேச்சிமுத்து ‘ஏற்பாடு’ பண்ணிக்கொண்டு வந்தார். ஆதார் படத்தைக் கொடுத்து யாரோ ஏஐயில் செய்து தந்தது. கோட்டு, டை, சிவப்பு நிறம், வரிசையான பல். என் வீட்டுக்காரருக்கு முன்பல் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். “ராஜா கணக்கா இருக்காவல்லா, மதினி?”

“ராஜாதான். உங்க அண்ணன் இல்ல.”

முகம் சுண்டிப் போய்விட்டார். போகும்போது, “ஒரு படம் எடுத்து வைக்கணும்னு இந்த வீட்டுல யாருக்கும் தோணலையே” என்றார்.

என் வீட்டுக்காரரே என்னிடம் கேட்டிருக்கிறார், போன ஐப்பசியில். சங்க அடையாள அட்டைக்கு ஒரு போட்டோ எடுத்துக்கொடு என்று. கொடியில் துணி கிடந்தது, மழை வருகிற மாதிரி இருந்தது, எடுத்துவிட்டு வாரேன் என்றேன். அது பழைய கதை. இதில் எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

தேடினேன். இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

என் கையை வெட்ட வேண்டும்.

தேடி அலுத்துப்போய், மிச்சமிருக்கும் பிள்ளையார்களையாவது ஒழிப்போம் என்று இடம் விட்ட ஃபோல்டர்களைத் திறந்தேன். ‘புளியங்குடி கல்யாணம்’. முதல் படத்தை அழிக்கப் போன இடத்தில் கை இரண்டு முறை அழுத்திவிட்டது. படம் திரை முழுக்கத் திறந்தது.

பிள்ளையார் இருந்தார். பிள்ளையாரின் வயிற்றுக்கு மேலே, கண்ணாடியில், அவர் இருந்தார்.

கேமராவைப் பிடித்திருக்கிற இரண்டு கை, நீலச் சட்டை, காது, நரைத்த கிருதா. முகத்தைக் கேமரா மறைத்திருந்தது. ஆனாலும் அவர்தான். கண்ணாடிச் சட்டத்தில் தெரிகிற அவரே. முப்பது வருடமாக, ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும், பிள்ளையாரோடு சேர்த்து அவரையும் அவரே எடுத்திருக்கிறார். தெரிந்து எடுத்தாரா, தெரியாமலா என்று இனிமேல் யாரிடம் கேட்பது?

அந்தக் கண்ணாடியை நான்தான் வெள்ளிக்கிழமைதோறும் துடைக்கிறேன். துடைக்கும்போது என் முகம் அதில் தெரியும். எனக்குத் தோன்றவில்லையே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று. அத்தனை தடவை அவரை நானே அழித்திருக்கிறேன். திறந்து பார்த்தீர்களா என்று அது கேட்டது. நகல் எடுக்கலாமே என்றது. அவர் கேட்பது மாதிரி இருந்ததால்தான் எனக்கு எரிச்சல் வந்தது.

ஃபோனை எடுத்து எழுதினேன்: ‘நேற்று முன்தினம் அழித்ததைத் திருப்பிக் கொடு. அதில் என் வீட்டுக்காரர் இருக்கிறார்.’ அழித்தது செவ்வாய்க்கிழமை. எனக்குக் கிழமைகூடக் குழம்பிவிட்டது.

உடனே கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொன்னது. மிச்சமிருக்கிற படங்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு அணைத்துவிடுங்கள், மீட்கிற நிபுணர்கள் முயன்று பார்க்கலாம், எத்தனை கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்றது. பொய்யாகவாவது எல்லாம் வந்துவிடும் என்று சொல்லக்கூடாதா? சொல்லவில்லை.

நகலெடுக்க அது தந்த கமாண்டில் இந்த முறை மேற்கோள் குறியைப் போட்டேன். ஒவ்வொன்றாக, எண்ணி. பதினொன்றும் பென் டிரைவுக்கு வந்தது.

பிப்ரவரி 15, சனி

செண்பகா வந்துவிட்டாள். பேச்சிமுத்து தானே வந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனார். மீட்கிற கடையில் இரண்டு வாரம் கேட்டிருக்கிறார்கள். வந்தால் வரும் என்றார்களாம்.

செண்பகாவின் லேப்டாப்பில் பத்துப் படங்களைப் பார்த்தோம். ஏழில் கேமரா முகத்தை மறைக்கிறது. இரண்டில் பல்பு வெளிச்சம் அவர் நெற்றியிலிருந்து மூக்குவரை விழுந்து ஒன்றும் தெரியவில்லை. ஒன்றில் கோணி நின்று தும்முகிறார். அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம், அப்புறம் செண்பகா அழுதாள்.

“இன்னும் ஒண்ணு இருக்கேம்மா. சங்கம் போட்டோன்னு.”

“அதுல ஒண்ணும் இருக்காது. மூடு” என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஜெபராஜ் கூப்பிட்டார். இன்று சாயங்காலத்துக்குள் படம் வராவிட்டால் பிரேம் போட முடியாது, பேச்சிமுத்து கொடுத்த கோட்டுப் படத்தையே போட்டுவிடலாமா என்றார்.

அதனால் எழுதிவிடுகிறேன்.

ஐப்பசியில் அவர் போட்டோ கேட்ட அன்று காலையில் ஒரு பெண்வீட்டார் ஸ்டூடியோவில் இருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே, “பேருல இடம் விடாதன்னு எத்தனை வாட்டி சொல்லுதேன்? படிச்சவதானே நீ?” என்று கத்தினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாயங்காலம் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டபோது, வேலைக்கு முன்னாலேயே ஃபோல்டர் போட்டுவிடுவது எங்கள் வழக்கம் என்பதால், போட்டேன். வேண்டுமென்றே நடுவில் இடம் விட்டு, ‘சங்கம் போட்டோ’. துணி எடுத்துவிட்டு வாரேன் என்று மேலே போனேன். மழை வரவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். “ஏ உலகு, வாரியா?” என்று என் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார். கேட்டது.

அப்புறம் கூப்பிடவில்லை. மறுநாள் சங்கத்தில் ஆதார் படத்தையே கொடுத்துவிட்டார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

செண்பகாவிடம் அந்த ஃபோல்டரைத் திறக்கச் சொன்னேன். உள்ளே ஒரே ஒரு படம், கார்டிலிருந்து அவரே போட்டு வைத்தது. 0001. மாலை 5.52.

வெள்ளைச் சட்டை. தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருக்கிறார். எப்போதும்போல வேலையை ஆரம்பிக்கும் முன்னால் பிள்ளையாருக்கு ஒரு க்ளிக். கழுத்து வலி வந்த பிறகு சில நாள் கேமராவை நெஞ்சோடு வைத்து எடுப்பார், அன்றும் அப்படி எடுத்திருக்கிறார். முகம் முழுசாகத் தெரிகிறது. ஏறிய பல்கூடத் தெரிகிறது.

“இதாம்மா அப்பா” என்றாள் செண்பகா.

பிப்ரவரி 17, திங்கள்

பிள்ளையாரை நீக்கிவிட்டு அண்ணனை மட்டும் எடுக்கலாமா என்று பிரேம் கடையில் கேட்டார்களாம். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பேச்சிமுத்து, “சாமிக்குள்ள மனுஷன் நிக்க மாதிரி இருக்கே, மதினி” என்று இழுத்தார். அப்புறம் படத்தையே பார்த்துக்கொண்டு நின்று, “பல்லைப் பாருங்க, அப்படியே அண்ணன்” என்று சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

காரியம் முடிந்தது. சாயங்காலம் படத்திறப்புக்குச் செண்பகாவோடு நானும் போனேன். சங்கத்தில் இருநூறு பேர் இருப்பார்கள், அத்தனை பேரும் படம் எடுக்கிறவர்கள், அதனால் ஒளி எங்கிருந்து விழுகிறது, கண்ணாடியில் எப்படி இவ்வளவு துல்லியமாக வந்தது என்றுதான் அதிகம் பேசினார்கள். அவரும் அதைத்தான் பேசியிருப்பார்.

ஜெபராஜ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கண்ணு மட்டும் நம்மளப் பாக்கலக்கா. கொஞ்சம் தள்ளிப் பாக்காவ. யாரையோ எதிர்பாத்துக்கிட்டு நிக்க மாதிரி.”

ஆமாம் என்றேன். அந்தக் கண்ணாடியில் அவர் தோளுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடிப்படி தெரிகிறது. நான்கு படிதான் தெரியும், கீழ்ப்படி முதல் நாலாம் படிவரை. மாடியிலிருந்து யார் இறங்கி வந்தாலும், திரும்பாமலே கண்ணாடியில் பார்க்கலாம்.

படியில் யாரும் இல்லை.